கேட்ட பாட்டிலிருந்து செபத்துக்கு: கரையோர இளைஞர் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பாட்டில் ‘ஆண்டவர்’, ‘மாதா’, ‘அல்லேலூயா’ என்று ஏதாவது வந்துவிட்டால் அது பக்திப் பாட்டு. வராவிட்டால் வெறும் சினிமாப் பாட்டு. பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர், தொண்டி என்று நம் கரையில் எங்கே பேசினாலும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. திருவிழாக் கொடியேற்றத்தன்று குழாய் கட்டுகிற சவுண்டு சர்வீஸ்காரரும் இதே கணக்கில்தான் காலையில் ஒரு வகை, ராத்திரியில் ஒரு வகை என்று பிரித்துப் போடுகிறார்.

எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. ஒரு பாட்டு எந்தக் கேள்வியை உண்மையாகக் கேட்கிறது என்று பார்த்தால்தான் அதன் ஆன்மிகம் பிடிபடும். பக்திச் சொல்லே இல்லாத பாட்டு சில சமயம் விவிலியத்தின் திருப்பாடல்களுக்கு (சங்கீதங்களுக்கு) மிகப் பக்கத்தில் நிற்கும். பக்திச் சொல் நிறைந்த பாட்டு சில சமயம் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும். இரண்டையும் பிரித்தறிந்து, கேட்ட பாட்டிலிருந்து செபத்துக்குப் போகும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அன்பியக் கூட்டத்துக்கும் (ஒரு பங்குக் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடுவது), மறைக்கல்வி முடித்த பிள்ளைகளுக்கும், தனியாகக் கேட்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இப்படிச் செய்யலாமா?

பெரியவர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள். திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள். பவுல் ஏதென்சு நகரத்துக்குப் போகிறார். ஊரைச் சுற்றிப் பார்க்கிறார். ‘அறியாத தெய்வத்துக்கு’ என்று எழுதியிருந்த பலிபீடத்தைக் கவனிக்கிறார். அப்புறம் பேசும்போது அந்த ஊர் மக்களுக்குத் தெரிந்த கவிஞர்களையே துணைக்கு அழைக்கிறார். நாம் கடவுளின் பிள்ளைகள் என்ற பொருளில் அவர் சொன்ன வரி, அராட்டஸ் என்ற கிரேக்கக் கவிஞர் சேயுஸ் தெய்வத்தைப் பற்றி எழுதியது. அதற்காக அராட்டஸைக் கிறிஸ்தவர் என்று பவுல் சொல்லவில்லை. அந்த வரியில் இருந்த தாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். நாம் செய்யப்போவதும் அவ்வளவுதான்.

தேவையானவை

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். சத்தம் பிசிறாத ஒரு ஸ்பீக்கர். பாட்டு வரிகளைக் கையால் எழுதிய தாள். ஆளுக்கொரு விவிலியம். ஒன்றரை மணி நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அந்த 61 நாள் மாலைகள் இதற்கு நல்ல வாய்ப்பு. அப்பாமார்களும் கரையில் இருப்பார்கள். கடற்கரையில் உட்காரலாம் என்று ஆசையாக இருக்கும், ஆனால் காற்று பாதி வரிகளை விழுங்கிவிடும். பங்கு மண்டபமே மேல்.

படி 1: பாட்டைத் தேர்ந்தெடுப்பது

பக்தியாக ஒலிக்கிற பாட்டைத் தேடாதீர்கள். உங்கள் ஊர்க்காரர்கள் தாமாக முணுமுணுக்கிற பாட்டு எது என்று கவனியுங்கள். ஐஸ் பெட்டி ஏற்றும்போது, வலை கட்டும்போது, நண்டு பிரிக்கும்போது வாயில் வருகிற பாட்டு. அது ஏற்கெனவே அவர்களுடைய ஏதோ ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த கரை இது. அறுபதுகளின் பாட்டுகள் இன்னும் இங்கே உயிரோடுதான் இருக்கின்றன. பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டு கொண்டுவந்தாலும் சரி, மறுக்க வேண்டாம்.

ஒரு கூட்டத்துக்கு ஒரே பாட்டு. இரண்டாவது பாட்டு போட்டால் அது கச்சேரி ஆகிவிடும்.

படி 2: மூன்று முறை கேட்பது

முதல் முறை தாள் இல்லாமல், பேச்சு இல்லாமல், போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கேளுங்கள். படத்தில் யார் நடித்தார்கள் என்ற பேச்சு அப்போது வேண்டாம். இரண்டாம் முறை வரித்தாளோடு கேளுங்கள். மனதில் இடறிய வரிக்கு அடியில் கோடு போடச் சொல்லுங்கள். ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் முறை இசையை மட்டும் கவனியுங்கள்: குரல் எங்கே உயர்கிறது, எங்கே தேய்கிறது, வரி சிரித்தாலும் மெட்டு அழுகிறதா?

இசைத்தட்டுக் காலத்துப் பாட்டென்றால் ஒரு விஷயம். 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் இடம். அதனால் படத்தில் உள்ள சரணம் தட்டில் விடுபட்டுப்போவது உண்டு. முடிந்தால் இரண்டு வடிவத்தையும் தேடிப் பாருங்கள். விடுபட்ட சரணத்தில்தான் பாட்டின் மனம் இருந்திருக்கலாம்.

வார்த்தையே இல்லாத இசையும் செபமாகலாம். ஜான் கோல்ட்ரேன் 1965இல் வெளியிட்ட ‘எ லவ் சுப்ரீம்’ என்ற ஜாஸ் இசைத்தட்டின் நான்காம் பகுதிக்குத் ‘திருப்பாடல்’ என்றே பெயர் வைத்தார். கடவுளைப் புகழ்ந்து தான் எழுதிய கவிதையை அதில் சாக்ஸபோனாலேயே அசை அசையாக ‘வாசித்தார்’. கவிதை தட்டின் உறையில் அச்சாகியிருக்கிறது. கேட்பவர் காதில் அந்த வார்த்தைகள் விழாது, இசைதான் விழும்.

படி 3: பாட்டு எங்கிருந்து வந்தது?

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். குதித்தால் பொய் சாட்சி சொல்ல நேரும்.

பீட்டில்ஸ் குழுவின் ‘லெட் இட் பீ’ (1970) பாட்டில் ‘மதர் மேரி’ வருகிறார். உடனே இது மாதா பாட்டு என்று சொல்லிவிடத் தோன்றும். அந்த மேரி, பாட்டை எழுதிய பால் மெக்கார்ட்னியின் சொந்தத் தாய். 1956இல், மகனுக்கு 14 வயதாக இருக்கும்போது புற்றுநோயில் இறந்துபோனவர். குழப்பமான காலத்தில் மகனின் கனவில் வந்து ஆறுதல் சொன்னார், பாட்டு பிறந்தது. இது தெரிந்த பிறகு பாட்டு சிறுத்துப்போகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாயை இழந்த பிள்ளை யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்த உண்மைக் கதைதான் கைகொடுக்கும். சிலுவையடியில் நின்ற தாயிடம் அங்கிருந்து போகலாம். ஆனால் அது நாம் நடந்து போகிற தூரம். பாட்டு அங்கே போகவில்லை.

லெனர்டு கோஹனின் ‘ஹல்லேலூயா’வும் (1984) அப்படித்தான். யூதரான அவர் தாவீதையும் சிம்சோனையும் அதில் கொண்டுவருகிறார். குளிக்கும் பெண்ணைத் தாவீது கூரையிலிருந்து பார்த்ததும், சிம்சோனின் முடி வெட்டப்பட்டதும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. உடைந்துபோன காதலின் நடுவிலிருந்து வருகிற அல்லேலூயா அது. தவக்காலத் தியானத்துக்கு, தாவீதின் மனமாற்றப் பாடலான 51ஆம் திருப்பாடலோடு சேர்த்துக் கேட்டால் இந்தப் பாட்டு கனமாக உட்காரும். திருமண மேடையில் ஏன் இதைப் பாடுகிறார்கள் என்பது எனக்குப் புரிவதே இல்லை.

பின்னணி தேடுவது வேறு, ரகசியம் தேடுவது வேறு. தட்டைப் பின்பக்கமாகச் சுழற்றினால் சாத்தான் பேசும், அட்டைப்படத்தில் குறியீடு இருக்கிறது என்று கிளம்புகிற ஆராய்ச்சிகளுக்கு உங்கள் கூட்டத்தில் ஒரு நிமிடம்கூடக் கொடுக்காதீர்கள். அது பயத்தைத்தான் வளர்க்கும்.

படி 4: மூன்று கேள்விகள்

யார் பேசுகிறார்? யாரிடம் பேசுகிறார்? அவருக்கு என்ன வேண்டும்? இந்த மூன்றையும் நம் கரைக்கு மிக நெருக்கமான ஒரு பாட்டில் வைத்துப் பார்ப்போம்.

1964 தீபாவளிக்கு வந்த ‘படகோட்டி’ படத்தில் ‘தரைமேல் பிறக்க வைத்தான்’ என்ற பாட்டு. வாலி எழுதியது, விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை, டி.எம்.சௌந்தரராஜன் குரல். படம் வந்த அடுத்த மாதம், டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கூரை போன அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் சுவர் இன்றும் மணலில் நிற்கிறது. புயலைப் பற்றி எழுதிய பாட்டு இல்லை இது. ஆனாலும் அந்த வருடத்தைக் கண்ட நம் வீட்டுப் பெரியவர்கள் இதை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

யார் பேசுகிறார்? ‘நாங்கள்’ என்று ஒரு சமூகமே பேசுகிறது. தரையில் பிறந்து தண்ணீரில் பிழைக்கிறவர்கள், கரையில் பெண்களை அழ விட்டுவிட்டுப் போகிறவர்கள். என்ன வேண்டும்? நடுச்சரணத்தில் இரண்டு கேள்வி வருகிறது. உப்புத் தண்ணீருக்கு நடுவே குடிக்கத் தண்ணீர் தருவது யார்? தனியாக வந்தவனுக்குத் துணிச்சலைத் தவிரத் துணை யார்? கடலுக்குப் போய்வந்த எவருக்கும் இது வெறும் கவிதையாகப் படாது. கேன் தண்ணீர் தீர்ந்த படகில் இருந்தவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

யாரிடம் பேசுகிறார்? இங்கேதான் நிற்க வேண்டும். பாட்டு ‘வைத்தான், வைத்தான்’ என்று ஒருவனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறது. ஆனால் ஒரு தடவைகூட அவன் பக்கம் திரும்பி அவனிடம் பேசவில்லை. எங்கள் கூட்டத்தில் இதைக் கேட்டபோது ஒரு பையன், “யாரைச் சொல்றாங்க?” என்றான். மகனைக் கடலில் பறிகொடுத்த ஓர் அம்மா, “வேற யாரைச் சொல்லுவாங்க தம்பி, ஆண்டவரைத்தான். நானும் தினம் அவரை ஏசிக்கிட்டுத்தான் செபமாலை சொல்றேன்” என்றார். அன்றைய கூட்டத்தில் அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

படி 5: விவிலியத்தைப் பக்கத்தில் வைப்பது

பாட்டு வரியில் வருகிற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதே சொல் வருகிற வசனத்தைத் தேடி ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுவது நமக்கெல்லாம் பழகிப்போன வழி. அதை விடுங்கள். பாட்டின் மனநிலை என்ன என்று பார்த்து, அதே மனநிலையில் இருக்கிற முழுத் திருப்பாடலையோ முழு நிகழ்ச்சியையோ எடுத்துக்கொள்ளுங்கள். முறையீட்டுக்கு முறையீடு, நன்றிக்கு நன்றி.

படகோட்டிப் பாட்டுக்கு நான் வைக்கிறது மூன்று. 107ஆம் திருப்பாடல், 23 முதல் 30 வரை: கப்பலேறிக் கடலில் தொழில் செய்தவர்கள் அலையில் வானத்துக்கு ஏறி ஆழத்துக்கு இறங்கி, குடித்தவர்களைப் போலத் தள்ளாடி, கடைசியில் ஆண்டவரைக் கூப்பிட்டுக் கரை சேர்கிறார்கள். ஆனால் எல்லோரும் கரை சேர்வதில்லையே. அதற்காகத்தான் 88ஆம் திருப்பாடல். நம்பிக்கை வரி எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிற பாடல் அது. ஆள் திரும்பாத வீட்டில் 107ஐ வாசித்தால் புண்ணில் உப்பு. அங்கே 88ஐ வாசியுங்கள், வாசித்துவிட்டுச் சும்மா இருங்கள். மூன்றாவது மாற்கு 4: படகில் தூங்கும் இயேசுவைச் சீடர்கள் எழுப்பி, நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலை இல்லையா என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். பாட்டில் ‘அவன்’ என்று தள்ளி நின்ற ஆள் இங்கே ‘நீர்’ ஆகிவிடுகிறார். அந்தத் திரும்பல்தான் செபம். கோபம் போன பிறகுதான் செபிக்க வேண்டும் என்று நமக்கு யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்; சீடர்கள் கோபத்தோடுதான் எழுப்பினார்கள்.

இன்னோர் உதாரணம், ஆங்கிலத்தில். போனி எம் குழு 1978இல் பாடி உலகமெல்லாம் ஓடிய ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’. ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970இல் செய்த பாட்டு அது. அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டவர்களின் சந்ததியினர் ஜமைக்காவில் பிறந்த தங்கள் ரஸ்தபாரி மத நம்பிக்கையோடு 137ஆம் திருப்பாடலையும் 19ஆம் திருப்பாடலின் கடைசி வரியையும் சேர்த்துப் பாடினார்கள். போனி எம் மெட்டுக்கு ஆடத்தான் தோன்றும். 137ஐ முழுதாக வாசித்துவிட்டு மறுபடி கேளுங்கள். யாழை மரத்தில் மாட்டிவிட்டு அழுதவர்களின் பாட்டு என்பது அப்போது உறைக்கும். அந்தத் திருப்பாடல் பழிவாங்கும் வெறியில் முடிகிறது, பாட்டு அதைத் தொடாமல் விட்டுவிட்டது. கூட்டத்தில் அதையும் வாசியுங்கள். இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல் தாண்டி வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பாட்டை அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவார்கள் என்பது நம் கரையில் பழைய ஏற்பாட்டுக் கேள்வி மட்டும் இல்லை.

படி 6: பாட்டும் நற்செய்தியும் பிரியும் இடம்

எல்லாம் ஒன்றுதான் என்று முடித்துவிட்டால் பாட்டையும் மதிக்கவில்லை, நற்செய்தியையும் மதிக்கவில்லை.

‘சுமைதாங்கி’ (1962) படத்தில் கண்ணதாசன் எழுதி பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடிய ‘மயக்கமா கலக்கமா’ எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்திய பாட்டு. வாய்ப்பில்லாமல் சென்னையை விட்டே கிளம்ப நினைத்திருந்த வாலி, ஸ்ரீநிவாஸ் வாயால் இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மனம் மாறினார். அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவர் அன்று கிளம்பியிருந்தால் நாம் மேலே பார்த்த படகோட்டிப் பாட்டே இல்லை. மனம் உடைந்தவனைத் திட்டாமல், உனக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் கேட்கிற அந்தக் கனிவில் நல்ல சமாரியனின் சாயல் உண்டு. எல்லோர் வாசலிலும் துன்பம் இருக்கிறது என்ற நேர்மையும் உண்டு.

ஆனால் கடைசியில் பாட்டு தருகிற ஆறுதல், உனக்குக் கீழே கோடிப் பேர் இருக்கிறார்கள், அவர்களை நினைத்து நிம்மதி தேடு என்பது. இங்கே நான் நின்றுவிடுவேன். கீழே இருக்கிறவனைப் பார்த்து நிம்மதி அடைய நற்செய்தி சொல்லவில்லை. ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்கச் சொல்கிறது (கலாத்தியர் 6:2). அந்தக் கோடிப் பேரில் ஒருவராகவே மீட்பர் பிறந்தார் என்கிறது. இதைச் சொல்வதால் கண்ணதாசன் குறைந்துவிட மாட்டார். பிற்காலத்தில் ‘இயேசு காவியம்’ எழுதியவர் அவர். அதே நேரம் தன்னை இந்து என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவர். அவரை நம் ஆளாக்கிக்கொள்ளும் முயற்சி வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டு இந்து அண்ணனும் கீழக்கரை முஸ்லிம் நண்பனும் கூட்டத்துக்கு வந்தால் அவர்கள் கேட்டதையும் சொல்லச் சொல்லுங்கள். பாட்டு அவர்களுக்கும் சொந்தம்.

படி 7: செபமாக்குவது

கோடு போட்ட வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது சொல்கிற குறையை உங்கள் சொந்த வார்த்தையில், ‘நீர்’ என்று ஆண்டவரை நோக்கி, இரண்டே வாக்கியமாக எழுதுங்கள். “துணை யார் என்று கேட்டேன். நேற்று ராத்திரி என்ஜின் நின்றபோது நீர் எங்கே இருந்தீர்?” இந்த அளவு போதும். அலங்காரம் வேண்டாம். வாசிக்க விரும்புகிறவர்கள் வாசிக்கலாம், யாரையும் வற்புறுத்தக் கூடாது. பிறகு ஐந்து நிமிட அமைதி. கடைசியில் பாட்டை இன்னொரு முறை போட்டுவிட்டு, எதுவும் பேசாமல் கலைந்து போங்கள்.

அழுகிறவர்கள் இருப்பார்கள். ஆறுதல் சொல்லப் பாயாதீர்கள். மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

கோயிலுக்குள் வேண்டாம்

திருப்பலியில் இந்தப் பாட்டுகளைப் பாடக் கூடாது. திருவழிபாட்டுப் பாடல்கள் முதன்மையாக விவிலியத்திலிருந்தும் வழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் வர வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு தெளிவாகச் சொல்கிறது. சினிமா மெட்டில் வேறு வார்த்தை போட்டுக் காணிக்கைப் பாட்டாக்குவதும் எனக்கு ஏற்புடையது இல்லை. மெட்டைக் கேட்டதும் சனங்களுக்குப் படக் காட்சிதான் ஞாபகம் வரும். மண்டபத்தில் கேளுங்கள், கோயிலுக்குள் வெறுங்கையோடு போங்கள். பங்குத்தந்தையிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தொடங்குவதற்கு இன்னும் மூன்று பாட்டு

பேர்ட்ஸ் குழுவின் ‘டர்ன்! டர்ன்! டர்ன்!’ (1965). சபை உரையாளர் 3ஆம் அதிகாரத்துக்கு பீட் சீகர் மெட்டமைத்த பாட்டு. வரிகள் ஏறக்குறைய விவிலியமே என்பதால் புதிய குழுவுக்கு எளிது. தடைக்காலத்தின் முதல் வாரத்தில் வையுங்கள்.

சைமன் – கார்ஃபங்கல் பாடிய ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்’ (1970). கறுப்பின நற்செய்திப் பாடகர் கிளாட் ஜீட்டர் ஒரு பழைய பக்திப் பாட்டில் போகிற போக்கில் பாடிய வரியிலிருந்து பால் சைமனுக்குக் கிடைத்த கரு. அந்தப் பழைய வரியில் பாலமாக இருப்பேன் என்று சொல்கிறவர் கடவுள். புதிய பாட்டில் ஒரு நண்பன். பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நண்பன் சொன்னால் என்ன, கடவுள் சொன்னால் என்ன, வித்தியாசம் எங்கே என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ‘அமேசிங் கிரேஸ்’, அரீதா ஃபிராங்க்ளின் 1972இல் கோயிலில் வைத்துப் பதிவு செய்த வடிவம். இதை எழுதிய ஜான் நியூட்டன் ஒரு மாலுமி. 1748இல் புயலில் சிக்கிய கப்பலில் கடவுளைக் கூப்பிட்டார், பிழைத்தார். ஆனால் அதன் பிறகும் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களை 1754 வரை ஓட்டினார். அடிமை வியாபாரத்தை எதிர்த்து வெளிப்படையாக எழுதியது 1788இல், புயல் நடந்து நாற்பது வருடம் கழித்து. நடுக்கடலில் நேர்ச்சை சொல்லிவிட்டுக் கரையேறியதும் மறந்துபோகிற பழக்கம் நமக்குத் தெரியாதது இல்லை. இந்தப் பாட்டுக்கு 107ஆம் திருப்பாடலை வைத்து, கரை சேர்ந்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளை இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் படகு உரிமையாளர்களையும் கூலிக்குப் போகிறவர்களையும் ஒரே வட்டத்தில் உட்கார வையுங்கள். மீன் விற்ற பணத்தைப் பங்கு பிரிப்பது பற்றிய பேச்சு தானாக வரும், வந்தால் நிறுத்தாதீர்கள்.